சிறை மீண்டவனுக்கு மரியாதை

வென்று திரும்பும் சேனாதிபதிக்கு மாலையிடுவது எளிய காரியம். அதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. கொட்டும் முழக்கும் தாமே வந்து சேர்ந்துவிடும். தோற்றுச் சரணடைந்து, மாற்றான் சிறையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, பிறர் பெற்ற வெற்றியால் விடுதலையாகி, எலும்பும் தோலுமாய் வந்து நிற்கும் சேனாதிபதிக்கு மரியாதை செய்யலாமா என்பதே கடினமான கேள்வி. செய்யலாம் என்றால் எதன் பொருட்டு? கூடாது என்றால் எந்த நியாயத்தைக் கொண்டு?

பேராக்கில் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து, பிரட்டுக்கு வந்தோர் வராதோர் கணக்கை எழுதிக் காலங்கழிக்கும் நமக்குச் சேனாதிபதிகளின் மானாபிமானத்தில் என்ன அக்கறை என்று அன்பர்கள் கேட்கலாம். அக்கறை உண்டு. அது என்னவென்பது கட்டுரையின் பிற்பகுதியில் தெரியவரும். முதலில் சேனாதிபதிகளைக் கவனிப்போம்.

1945-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2-ஆம் நாள், தோக்கியோ விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த மிசௌரி என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஜப்பானியச் சரணாகதிப் பத்திரம் கையொப்பமாயிற்று. நேச நாடுகளின் சார்பில் கையொப்பமிட அமர்ந்த ஜெனரல் மக்ஆர்தர், தமக்குப் பின்னால் இருவரை நிறுத்திக்கொண்டார். ஒருவர், 1942 மே 6-ஆம் நாள் பிலிப்பைன்ஸில் கொரெஹிடோர் தீவுக் கோட்டையை ஒப்படைத்த அமெரிக்க ஜெனரல் ஜொனதன் வெயின்ரைட். மற்றவர், அதே ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் புக்கிட் தீமா போர்டு மோட்டார் தொழிற்சாலையில் சிங்கப்பூரை ஒப்படைத்த பிரிட்டிஷ் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் பெர்சிவல். இருவரும் பார்மோசாவிலும் பின்னர் மஞ்சூரியாவிலும் கைதிகளாய் இருந்து, இரண்டு வாரங்களுக்கு முன்னரே விடுதலையானவர்கள். உடுப்பு உடம்பில் தொங்கிற்று. மக்ஆர்தர் பல பேனாக்களால் கையொப்பமிட்டு, முதற் பேனாவை வெயின்ரைட்டிடமும் இரண்டாவதைப் பெர்சிவலிடமும் அளித்தார். மறுநாள் பிலிப்பைன்ஸ் பாகியோவில் ஜெனரல் யமஷிதா சரணடைந்தபோதும் இருவரும் உடனிருந்தனர். சிங்கப்பூரில் பெர்சிவலிடம் சரண் வாங்கியவர் அந்த யமஷிதாவே.

இதுவரை இருவர் கதையும் ஒன்று. இதற்குப் பின் இரண்டு.

வெயின்ரைட், தாம் தாய்நாடு திரும்பினால் இராணுவ விசாரணை காத்திருக்கும் என்றே சிறையில் அஞ்சிக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்கு நான்கு நட்சத்திர ஜெனரல் பதவி கிடைத்தது. செப்டம்பர் 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் வெள்ளை மாளிகையில் அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கத்தை அணிவித்தார். 13-ஆம் நாள் நியூயார்க் வீதிகளில் ஊர்வலம் நடந்தது. இதே பதக்கத்துக்கு அவர் பெயர் 1942-இலேயே முன்மொழியப்பட்டதென்பதும், அப்போது அதைத் தடுத்தவர் முதற் பேனாவைத் தந்த மக்ஆர்தரே என்பதும் கவனிக்கத்தக்கவை.

பெர்சிவலுக்கு ஊர்வலம் இல்லை. 1946-இல் அவர் இராணுவத்தினின்று ஓய்வு பெற்றார். அவர் நிலையில் உள்ள தளபதிகளுக்கு வழக்கமாய்க் கிடைக்கும் 'சர்' பட்டமும் அளிக்கப்படவில்லை. 1949-இல் மலாயா யுத்தத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார், தூர கிழக்கில் கைதிகளாயிருந்த படைவீரர் சங்கத்தின் தலைவராய் இருந்து அவர்களுக்காகப் பாடுபட்டார், 1966-இல் காலமானார். ஒரே கப்பல், ஒரே மேசை, ஒரே சிறை. ஆனால் ஒருவருக்கு மாலை, மற்றவருக்கு மௌனம். இந்த வேற்றுமைக்கு நியாயம் என்ன?

வெற்றிதான் அளவுகோல் எனின், இருவரும் தோற்றவர்கள். பட்ட துன்பம் எனின், இருவரும் பட்டவர்கள். சரணடைந்ததால் உயிர்கள் காக்கப்பட்டனவா என்பது எனின், மூன்றாமவர் ஒருவரையும் இங்கு அழைக்க வேண்டும். 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் பத்தான் தீபகற்பத்தில் மேஜர் ஜெனரல் எட்வர்ட் கிங், சரணடையக்கூடாது என்னும் கட்டளையை மீறி, பசியாலும் மலேரியாவாலும் நலிந்திருந்த சுமார் 75,000 பேரோடு சரணடைந்தார். சரணடைந்தவன் நான், நீங்களல்லீர் என்னும் கருத்துப்படத் தம் வீரர்களிடம் கூறிப் பழியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். அவர்களைக் காக்கவே சரணடைந்தார். ஆயினும் ஜப்பானியர் அவர்களைக் கொடும் வெயிலில் நடத்திச் சென்றதில் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். ஆகவே விளைவைக் கொண்டும் அளக்க முடியாது; விளைவு பகைவன் கையில் இருந்தது. வெயின்ரைட்டுக்குக் கிடைத்த பதக்கம் கிங்குக்குக் கிடைக்கவில்லை.

சரணாகதியே இழிவு, அதற்கு மரியாதை செய்தால் கோழைகள் பெருகுவர் என்பார் உளர். அவர்கள் தமிழ்ச் சான்று காட்டுவதும் நமக்குத் தெரியும். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தண்ணீர் கேட்டான், உடனே கிடைக்கவில்லை. காவலர் காலந்தாழ்த்திக் கொணர்ந்த நீரைக் கையில் வாங்கியும் பருகாமல், மானத்தைப் பாடி உயிர்விட்டான் என்பது புறநானூறு தரும் வரலாறு. அப்பாட்டை நெஞ்சில் நிறுத்தாத தமிழ் மாணவன் இல்லை. ஆனால் பொய்கையார் என்னும் புலவர் களவழி பாடி அவனை விடுவித்தார் என்று மற்றொரு வரலாறும் உண்டு. விடுதலையான இரும்பொறை எப்படி ஊர் திரும்பினான், அவனை எதிர்கொண்டவர் யார், அவன் முகத்தை மக்கள் எப்படி நோக்கினர் என்று நாம் கேட்பதேயில்லை. செத்தவன் நமக்குப் பாட்டாகிறான். மீண்டவனை என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை.

சேரமானின் மானத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். அவனோடு பிடிபட்ட படைவீரர் எத்தனை பேர்? அவர்களும் நீர் கேட்டிருப்பார்கள். காலந்தாழ்ந்து வந்ததையும் பருகியிருப்பார்கள். ஏனெனில் அவர்களுக்கு ஊரில் பிள்ளைகள் இருந்தன. அவர்கள் மானங்கெட்டவர்களா? தன் உயிரைத் தன் மானத்துக்காக விடும் உரிமை மன்னனுக்கு உண்டு. தன்னை நம்பிய ஆயிரக்கணக்கானோர் உயிரையும் அதே மானத்துக்காக விலையாய் வைக்கும் உரிமை எவனுக்கும் இல்லை. கைதியாவதைவிடச் சாவதே மேல் என்று ஒரு படை முழுவதற்கும் கட்டளையிட்ட அரசு எப்படிப்பட்டதென்பதை நம் நாடு கண்டது. 1941 ஜனவரியில் ஜப்பானிய இராணுவம் தன் சிப்பாய்களுக்கு வழங்கிய செஞ்சின்குன் என்னும் ஒழுக்கநெறி, உயிரோடு கைதியாகும் அவமானத்தை ஏற்காதே என்று போதித்தது. தன் சிப்பாய் கைதியானால் இழிந்தவன் எனக் கருதிய படை, தன்னிடம் கைதியானவனை மனிதனாய் மதிக்குமா? மதிக்கவில்லை. கைதியை இகழும் சித்தாந்தம் ஏட்டோடு நிற்பதில்லை; அது முகாம்களுக்குள்ளும் காட்டுப் பாதைகளுக்குள்ளும் நடந்து செல்கிறது.

அப்படியானால் சிறை மீண்ட சேனாதிபதியிடம் மரியாதைக்குரியது எது? இதற்கு விடை காண நான்காம் மனிதர் ஒருவர் உதவுகிறார். சிங்கப்பூரில் ஆஸ்திரேலியப் படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் கார்டன் பென்னட், சரணாகதி நடந்த அன்றிரவே படகேறித் தப்பித் தாய்நாடு சேர்ந்தார். ஜப்பானியரோடு பொருதும் முறையைத் தம் நாட்டாருக்குக் கற்பிக்கவே தப்பினேன் என்றார். அவருடைய வீரர்கள் சாங்கியில் கைதிகளாயினர். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் போர்க்களத்தில் படை நடத்தும் பொறுப்பு மறுபடியும் தரப்படவில்லை. 1945-இல் ஆஸ்திரேலிய அரசு அமைத்த விசாரணைக் குழு, அவர் தம் படையை விட்டு வந்தது நியாயமாகாது என்று தீர்ப்பளித்தது. அவரது துணிவை எவரும் ஐயுறவில்லை. தப்புவதற்கும் துணிவு வேண்டும். ஆனால் தாம் ஒப்புக்கொடுத்தவர்களை விட்டுத் தாம் மட்டும் வெளியேறினார் என்பதே கேள்வியாயிற்று.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. பிறரைச் சிறைக்கு ஒப்புக்கொடுக்க நேர்ந்தவன் தானும் அவர்களோடு போனான் என்பதே மரியாதைக்குரியது. பெர்சிவல் போனார், வெயின்ரைட் போனார், கிங் போனார். பின்னர் ஜப்பானியர் சேனாதிபதிகளைத் தனியே பிரித்து வடக்கே கொண்டுபோயினர் என்பதும், அவர்கள் பட்டது சிப்பாய்கள் பட்டதைப் போன்றதன்று என்பதும் உண்மையே. ஆயினும் வெள்ளைக் கொடியோடு நடந்து சென்றபோது தமக்கு என்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாத இருட்டுக்குள் தம் ஆட்களோடு கால் வைத்தனர். அந்த ஓர் அடிக்கே மரியாதை.

எதற்காக என்பது முடிந்தது. இனி, யார் செய்ய வேண்டும்? கணக்கு எழுதுவோர் பாஷையில் சொன்னால், மரியாதை என்பது பற்றுக் கணக்கில் இடும் கையொப்பம். உன்னால் எனக்கு இவ்வளவு ஆயிற்று, அல்லது என்னால் உனக்கு இவ்வளவு ஆயிற்று என்று ஒப்புக்கொள்வது அது. அமெரிக்கா 1942-இல் பிலிப்பைன்ஸிலிருந்த தன் படைக்கு உதவி வரும் என்று நம்பிக்கையூட்டி, அனுப்ப இயலாமற் போயிற்று. அந்தக் கடனை அது ஒப்புக்கொண்டது. ஆகவே வெயின்ரைட்டுக்கு ஊர்வலம் நடத்திற்று. பிரிட்டன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்வதானால் எவ்வளவு சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நம் பேராக்கைக் கொண்டே காட்டலாம்.

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கினர். இரண்டு நாளில் பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் விமானத் தாக்குதலில் மூழ்கின. அம்மாத இறுதியில் ஈப்போ கைவிடப்பட்டது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பார் மலைச்சரிவில் பிரிட்டிஷாரும் சீக்கியரும் கூர்க்கர்களும் எதிர்த்து நின்று, பகைவனுக்குப் பெருஞ்சேதம் விளைத்தனர். பின்னால் கடற்கரையில் ஜப்பானியர் இறங்கவே அங்கிருந்தும் பின்வாங்க நேர்ந்தது. ஜனவரி 7-ஆம் நாள் விடியலுக்குமுன் சிலிம் ரீவரில் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே புகுந்து, சில மணி நேரத்தில் 11-வது இந்தியப் படைப்பிரிவைச் சிதற அடித்தன. எதிர்த்து நின்றவர்களிடம் ஒரு டாங்கியும் இல்லை. இல்லாத டாங்கியும் பழைய விமானங்களும் பெர்சிவலின் குற்றமா? அவற்றை வேறு போர்முனைகளுக்கு ஒதுக்கியவர்கள் லண்டனில் இருந்தனர். பெர்சிவல் குற்றமற்றவர் என்றும் நாம் சொல்ல வரவில்லை. சிங்கப்பூரின் வடகரையில் அரண்கள் அமைக்க வேண்டுமென்று அவருடைய பொறியியல் தலைவர் பிரிகேடியர் சிம்சன் வற்புறுத்தியும், அது மக்களையும் படையையும் மனந்தளரச் செய்யும் என்று அவர் தயங்கினார். இரண்டையும் எடைபோட ஒரு பகிரங்க விசாரணை வேண்டியிருந்தது. சிங்கப்பூர் வீழ்ச்சியைப் பற்றி அப்படியொரு விசாரணையைப் பிரிட்டிஷ் அரசு நடத்தவேயில்லை. சர்ச்சில் அதைத் தம் நாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய சரணாகதி என்று எழுதினார். பழி ஒரு மனிதர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவருக்கு ஒரு பட்டம் கொடுத்திருந்தால், பழியின் மிச்சம் எங்கே போக வேண்டுமென்று கேள்வி எழுந்திருக்கும். ஆகவே மௌனம்.

இங்கே ஒரு பொது விதி தென்படுகிறது. எவனுடைய சிறைவாசத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லையோ அவனுக்கு மாலையிடுவது எளிது. எவனுடைய சிறைவாசத்தில் நம் கை இருக்கிறதோ அவனைக் கண்டால் முகந்திருப்பிக்கொள்கிறோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

சரணடைந்த படைகளிலிருந்து 60,000-க்கு மேற்பட்ட கைதிகளை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோயினர். 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கைதிகள் போதாமையால் மலாயாவிலும் பர்மாவிலும் சயாமிலும் ஜாவாவிலும் ஆள் பிடித்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் போயினர். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் காற்புண்ணிலும் பட்டினியிலும் அவர்கள் மாண்ட விகிதம் படைக்கைதிகளுடையதைவிடப் பன்மடங்கு. படைக்கைதிகளுக்குத் தங்கள் அதிகாரிகளும் வைத்தியர்களும் இருந்தனர். இறந்தவன் பெயரை யாரேனும் ஒருவர் ஒரு துண்டுத் தாளில் குறித்துவைத்தார். நம்மவருக்கு அதிகாரியும் இல்லை, வைத்தியனும் இல்லை, குறித்துவைக்கத் தாளும் இல்லை.

யுத்தம் முடிந்தபின் கணக்குத் தீர்த்த விதத்தையும் பாருங்கள். காஞ்சனாபுரியிலுள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 படைவீரர்கள் வரிசை வரிசையாய் அடக்கமாகியிருக்கின்றனர். நம் தைப்பிங் போர்க் கல்லறையில் 850-க்கு மேற்பட்ட வீரர்களுக்கு இடமுண்டு. அவர்களில் 500-க்கு மேற்பட்டோர் இன்னாரென்று தெரியாதவர்கள். பெயர் தெரியாத சிப்பாய்க்கும் ஒரு கல் நிற்கிறது. அது சரியே, அதை நாம் குறை கூறவில்லை. 1951-இல் செய்யப்பட்ட சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையின் 16-வது பிரிவு, கைதிகளாய்த் துன்புற்றோருக்கு ஜப்பானியச் சொத்திலிருந்து ஈடு வழங்க வகை செய்தது. ஆனால் அது நேச நாடுகளின் ஆயுதப் படையைச் சேர்ந்தோருக்கே உரியது. உடுப்பு அணிந்தவன் கைதி. அரைவேட்டியோடு போனவன் கூலி. ஒரே காட்டில், ஒரே பாதையில், ஒரே காலராவில் செத்தவர்களைச் சட்டம் உடுப்பைக் கொண்டு பிரித்தது. 1957-இல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் வெளிவந்தபோது, அதில் பிரிட்டிஷ் அதிகாரி சித்திரிக்கப்பட்ட விதத்தைக் கண்டித்துக் குரல் கொடுத்தவர்களில் பெர்சிவலும் ஒருவர். தம் ஆட்களுக்காகப் பேச அவர்களுக்கு ஒரு பழைய தளபதி இருந்தார். நம்மவருக்காகப் பேச யார் இருந்தனர்?

பேசியிருக்க வேண்டியவர்கள் இருந்தனர். அவர்கள் கிராணிகள்.

எம் பாட்டனார் அக்காலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போய்விட்டனர். 1943-இல் ஒருநாள் ஜப்பானிய அதிகாரி ஒருவன் வந்து இருபது ஆட்கள் வேண்டும் என்றான். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு என்று சொன்னான். பட்டியலை ஆபீசில் எழுதித் தரவேண்டும். எம் பாட்டனார் எழுதினார். யாரை எழுதினார்? சண்டைக்கு வர மாமன் மச்சான் இல்லாதவர்களை எழுதினார். அண்மையில் கப்பலேறி வந்தவர்களை எழுதினார். தம் உடன்பிறந்த தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் பெயரை எழுதவில்லை. அவ்விடத்தில், தாய் மட்டும் உள்ள ஒரு பால்மரம் வெட்டும் பையன் பெயரை எழுதினார்.

இருபது பேரில் திரும்பியவர் நால்வர். அந்தப் பையனும் ஒருவன். 1945-ஆம் ஆண்டு முடிவில், முழங்காலின் கீழ்ப் பெரிய புண்தழும்போடு ஆபீஸ் சன்னலுக்கு வெளியே வந்து நின்றான். தாய் இறந்துபோயிருந்தாள். திரும்பி வந்த துரை, இத்தனை காலம் வேலைக்கு வராதவனைப் புது ஆளாகத்தான் பதியவேண்டும் என்றார். எம் பாட்டனார் அப்படியே செக்ரோலின் கடைசி வரியில் எழுதினார். எழுதி முடிந்ததும் அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"கிராணி ஐயா, அந்த லிஸ்டுல எம்பேரு இன்னும் இருக்குங்களா? இருந்தா அடிச்சிடுங்க."

அந்தப் பட்டியல் ஜப்பானியரோடு போய்விட்டது. எம் பாட்டனார், "அடிச்சாச்சுப்பா" என்றாராம்.

இதை அவர் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. தம் கடைசிக் காலத்தில் எம் தந்தையாரிடம் சொன்னார். நமது சிறு வயதில் அந்தப் பையன் கிழவராய் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார். எம் பாட்டனாரைக் கண்டால் துண்டைத் தோளினின்று எடுத்து மரியாதை செய்வார். எம் பாட்டனார் அந்த வழியாகப் போவதையே தவிர்ப்பார். எது தலைகீழென்று அப்போது நமக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது. மிசௌரிக் கப்பலில் ஒரு பேனா சிறை மீண்டவன் கையில் மரியாதையாய்த் தரப்பட்ட அதே ஆண்டில், எம் தோட்டத்து ஆபீசில் ஒரு பேனா சிறை மீண்டவனைப் புது ஆள் என்று எழுதிற்று.

இதற்குச் சமாதானம் சொல்லலாம். எழுத மறுத்திருந்தால் ஜப்பானியன் அடித்துக் கொன்றிருப்பான், வேறொருவன் எழுதியிருப்பான், தம்பியை யார்தான் எழுதுவர்? இவையெல்லாம் உண்மையே. கத்திமுனையில் எழுதியவனை, சாய்வு நாற்காலியில் இருக்கும் நாம் தூக்கிலிட வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன அளவுகோலை எடுத்து வைத்துப் பார்க்கிறோம். பெர்சிவல் தாம் ஒப்புக்கொடுத்தவர்களோடு தாமும் போனார். எம் பாட்டனார் எழுதிக்கொடுத்துவிட்டு இருந்துவிட்டார். இருந்தது குற்றமாகாமற் போகலாம். திரும்பி வந்தவனுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, "நான் எழுதினேன், நீ போனாய்" என்று சொல்லாதது குற்றம். அதற்குக் கத்திமுனை எதுவும் தடையாயிருக்கவில்லை. கடனை ஒப்புக்கொள்ளும் வெட்கம் ஒன்றே தடை.

வெள்ளைக்காரத் தளபதிக்குப் பட்டம் கிடைத்தாலென்ன, கிடைக்காவிட்டாலென்ன. நம்மைக் காட்டில் விட்டுப் போனவர்கள்தானே அவர்கள் என்று தோட்டத்து இளைஞர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோபம் நியாயமானது. ஆயினும் லண்டன் பெர்சிவலுக்குச் செய்ததையும் நாம் நம்மவருக்குச் செய்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மௌனம். பிறர் மௌனத்தைப் பழித்து நம் மௌனத்தைப் பாதுகாப்பது சீர்திருத்தக்காரருக்கு அழகாகாது.

அண்மையில் மலேசியத் தமிழன்பர்களின் முயற்சியால் காஞ்சனாபுரியில் சயாம் ரயிலில் மாண்ட தமிழருக்கு நடுகல் ஒன்று எழுந்தது. போற்றுகிறோம். நடுகல் இறந்தவருக்கு. மீண்டவருக்கு என்ன? அவர்களும் அநேகமாய் எல்லோரும் இப்போது மறைந்துவிட்டனர். ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாயின, சில வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்கள் இடிந்தன, ஜனங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தனர். குண்டு முழக்கி மரியாதை செய்ய இனி ஆள் இல்லை. ஆனால் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு தாமானிலும், பாட்டன் பாட்டிகளின் வாயில் இன்னும் நான்கு பெயர், ஐந்து பெயர் தங்கியிருக்கின்றன. இன்னும் சில ஆண்டில் அவையும் போய்விடும்.

ஆகவே அன்பர்களே, ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யார், வராதவர் யார், வந்தவர் யார் என்று கேட்டு ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். தந்தை பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள். தமிழ்ப் பள்ளியில் ஆண்டுக்கொரு நாள் பிள்ளைகளை நிற்கவைத்து அப்பெயர்களைப் படியுங்கள். மீண்டு வந்தவர்களின் மக்களும் பேரர்களும் இருந்தால் முன்வரிசையில் அமர்த்துங்கள். அனுப்பியவர் பெயர் தெரிந்தால் அதை மறைக்காதீர்கள். பழிக்குப் பழி வாங்குவதற்கன்று. கையொப்பமில்லாத பற்றுச்சீட்டு செல்லாது என்பதற்காக.

நாம் தொடங்கிவிட்டோம். இருபதில் இதுவரை பதினொரு பெயர் கிடைத்திருக்கின்றன. லயத்துக் கடைசி வீட்டுக் கிழவரின் பெயரை முதல் வரியில் எழுதியிருக்கிறோம். பக்கத்தின் தலைப்பில், பட்டியலை எழுதியவர் என்ற இடத்தில், எம் பாட்டனார் பெயரை எழுதி, அதன் கீழ் நாம் கையொப்பமிட்டிருக்கிறோம்.